பப்ஜி பிறகு, முதலில் உங்கள் மெயில்

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அவருடைய கடிதத்தின் சுருக்கம் இது:

"என் தம்பிக்கு வயது 15. அடுத்த வருடம் ஓ.எல். எழுதப் போகிறான். இரண்டு வருடமாகப் பப்ஜி விளையாடுகிறான். அந்த நேரம் அவனுக்கென்று பேஸ்புக் இல்லாததால் என்னுடைய பேஸ்புக்கைத்தான் அதற்கு இணைத்துக் கொடுத்தேன். போன வாரம் டியூஷன் நண்பன் ஒருவனிடமிருந்து வட்ஸ்அப்பில் 'இலவச யூசி' (பப்ஜிக்குள் சாமான் வாங்கும் காசு) என்று ஒரு லிங்க் வந்திருக்கிறது. அதில் என் பேஸ்புக் பாஸ்வேர்டைப் போட்டிருக்கிறான். அடுத்த நாள் பப்ஜிக்குள் போக முடியவில்லை. நான்கு நாட்கள் யாருக்கும் சொல்லவில்லை. 'அவசரமாக 10,000 ரூபா கேட்டாயே, என்ன நடந்தது?' என்று என் சிநேகிதிகள் கேட்டபோதுதான் எனக்கே விசயம் தெரியும். இப்போது ஒருவன் 15,000 ரூபா போட்டால் கணக்கைத் திருப்பித் தருகிறேன் என்று வங்கிக் கணக்கு இலக்கம் அனுப்பியிருக்கிறான். கொடுக்கலாமா? பொலிஸில் இதையெல்லாம் எடுப்பார்களா? 'விளையாட்டுச் சாமானை எவன் களவெடுப்பான்' என்று அம்மா நம்பவே மறுக்கிறார், எல்லாவற்றையும் அழிக்கச் சொல்கிறார். தம்பி அந்த நண்பனோடு கதைப்பதையே விட்டுவிட்டான். முன்பு ஏதோ 'நோ ரிகோயில்' பைல் ஒன்றும் போட்டிருந்தானாம். லிங்க்கின் ஸ்கிரீன்ஷொட்டை இணைத்திருக்கிறேன்."

அன்புள்ள சகோதரிக்கு,

காசு அனுப்பாதீர்கள். இந்தப் பதிலை முழுவதும் வாசிக்க இப்போது நேரமில்லாவிட்டாலும் அந்த ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன். அதற்கு முன் இன்று இரவே செய்ய வேண்டிய வேலை இருக்கிறது.

கடிதத்தின் கடைசியில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: 'நோ ரிகோயில்' பைல். என் கண் அங்கேதான் நின்றது. சுடும்போது துப்பாக்கி மேலே உதறாமல் நேராக நிற்கும் என்று சொல்லி, டெலிகிராம் குழுக்களில் பொடியன்கள் ஆளுக்காள் அனுப்பிக்கொள்ளும் சாமான் அது. சில பைல்கள் விளையாட்டின் செட்டிங்ஸை மட்டும் மாற்றும். சில, கூகுள் பிளேக்கு வெளியிலிருந்து ஏற்றும் ஏ.பி.கே. செயலியாகவே வரும். அப்படி வருகிறவை ஏற்றியவுடன் 'அக்ஸஸிபிலிட்டி' அனுமதி கேட்கும். கண்பார்வை குறைந்தவர்களுக்குத் திரையை வாசித்துக் காட்டும் செயலிகளுக்காக வைத்த அனுமதி அது. கெட்ட செயலி ஒன்றுக்கு அதைக் கொடுத்துவிட்டால், திரையில் வருவதையெல்லாம் அதனால் வாசிக்க முடியும். நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்ட், எஸ்.எம்.எஸ்ஸில் வருகிற ஓ.டி.பி., எல்லாமே அதற்குள் அடக்கம்.

தம்பி போட்டது எந்த வகை என்று இங்கிருந்து பார்க்க எனக்கு ஏலாது. ஆகவே மோசமான வகை என்றே வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்குவோம். இனி மாற்றப்போகும் எந்தப் பாஸ்வேர்டையும் அவனுடைய போனில் மாற்றாதீர்கள். உங்கள் போனையோ வீட்டுக் கணினியையோ எடுங்கள். அம்மாவின் வங்கிச் செயலி தம்பியின் போனில் இருந்தால், அல்லது வங்கியின் எஸ்.எம்.எஸ். வரும் சிம் அதில் இருந்தால், சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டுவிட்டு, வங்கிக்கு அழைத்து விசயத்தைச் சொல்லுங்கள். இதற்கு மட்டும் நாளை காலை வரை காத்திருக்க வேண்டாம்.

சரி, இப்போது திறப்புகள். பப்ஜி கணக்குக்கென்று தம்பி தனியாக ஒரு பூட்டுப் போடவில்லை. அதன் திறப்பு உங்கள் பேஸ்புக்கில் தொங்குகிறது. பேஸ்புக்கின் திறப்பு உங்கள் மெயிலில். மெயிலின் திறப்பு உங்கள் போன் இலக்கத்தில். கள்ளன் நடுவில் ஒரு திறப்பைப் பிடித்திருக்கிறான். நாம் பப்ஜியிலிருந்து தொடங்கினால், நாம் மாற்ற மாற்ற அவன் மேலே இருந்து திறந்துகொண்டே இருப்பான். மெயிலிலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும்.

மெயிலுக்குள் உங்களால் இன்னும் போக முடிகிறதா? போக முடிந்தால் பாதி வேலை முடிந்தது. பாஸ்வேர்டை மாற்றுங்கள். பிறகு கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் எந்தெந்தச் சாதனங்கள் உள்ளே இருக்கின்றன என்று பார்த்து, உங்களுடையது அல்லாத எல்லாவற்றையும் வெளியேற்றுங்கள். மீட்பு மெயிலும் மீட்பு இலக்கமும் உங்களுடையவைதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். யாராவது மாற்றியிருந்தாலும் நம்பிக்கை இழக்காதீர்கள். மாற்றிய நாளிலிருந்து 7 நாட்கள் வரை பழைய மீட்பு இலக்கத்துக்கோ மெயிலுக்கோ கோட் அனுப்பக் கூகுள் இடம்வைத்திருக்கிறது. தம்பி ஏற்கனவே நான்கு நாட்களைப் பேசாமல் கழித்துவிட்டான். அதனால்தான் இன்று இரவே என்கிறேன்.

மெயிலில் இன்னொரு இடம் இருக்கிறது, அனேகமாக யாரும் பார்ப்பதில்லை. ஜிமெயிலைக் கணினியில் திறந்து செட்டிங்ஸுக்குள் 'பில்டர்' என்ற பகுதியையும் 'போர்வர்டிங்' என்ற பகுதியையும் பாருங்கள். போன் செயலியில் இவை தெரியாது. மெயிலுக்குள் நுழைகிற கள்ளர்கள் சிலர், பேஸ்புக்கிலிருந்து வரும் எச்சரிக்கை மெயில்கள் நேரே குப்பைக்குப் போகிறமாதிரி அங்கே ஒரு விதி எழுதி வைத்துவிடுவார்கள். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த விதி அங்கேயே இருக்கும். நீங்கள் எழுதாத விதி எதுவும் இருந்தால் அழியுங்கள்.

அடுத்தது பேஸ்புக். 'பேஸ்புக்மெயில் டொட் கொம்' என்ற முகவரியிலிருந்து போன வாரம் ஏதாவது மெயில் வந்திருக்கிறதா என்று இன்பொக்ஸிலும் குப்பையிலும் தேடுங்கள். கணக்கின் மெயிலையோ பாஸ்வேர்டையோ யாராவது மாற்றினால் பேஸ்புக் பழைய மெயிலுக்கு அறிவிக்கும். 'இதை நான் செய்யவில்லை' என்று அழுத்தி மாற்றத்தைத் திருப்பும் வழி அதற்குள்ளேயே இருக்கும். அப்படி எதுவும் இல்லாவிட்டால், பேஸ்புக் முகவரிக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட்டு 'ஹெக்ட்' (hacked) என்று ஆங்கிலத்தில் தட்டினால், களவு போன கணக்குகளுக்கான பக்கம் வரும். அதை உங்கள் வீட்டு வைபையிலிருந்து, நீங்கள் முன்பு பேஸ்புக் பார்த்த அதே போனில் செய்யுங்கள். பழகிய சாதனமும் பழகிய இடமும் நீங்கள்தான் உண்மையான ஆள் என்று காட்ட உதவும்.

உள்ளே போனதும் எல்லாச் சாதனங்களையும் வெளியேற்றுங்கள். பிறகு 'அக்கவுண்ட்ஸ் சென்டர்' பகுதியைத் திறந்து பாருங்கள். கள்ளன் தன்னுடைய இன்ஸ்டகிராம் கணக்கு ஒன்றை உங்கள் பெயருக்குப் பக்கத்தில் சேர்த்து வைத்திருக்கலாம். கதவைப் பூட்டிவிட்டு ஜன்னலைத் திறந்து வைத்த கதைதான் அது. மெயில், இலக்கம், இணைந்த கணக்குகள் மூன்றையும் சரிபார்த்து, பாஸ்வேர்டோடு ஒரு கோட்டையும் கேட்கும் இருபடிச் சரிபார்ப்பைப் போட்ட பிறகே பப்ஜிக்குப் போங்கள்.

பப்ஜிக்குள்ளும் அதே கதை இருக்கும். ஒரே கணக்குக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் கொடுக்க அந்த விளையாட்டு இடம் தருகிறது. ஆகவே உங்கள் பேஸ்புக் உங்களிடம் திரும்பினாலும், தான் புதிதாக இணைத்த இன்னொரு கணக்கு வழியாகக் கள்ளன் உள்ளே வந்துகொண்டிருப்பான். செட்டிங்ஸில் கணக்கு இணைப்புப் பகுதியைப் பாருங்கள். உங்களுடையது அல்லாத எதுவும் இருந்தால் விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். எழுதும்போது 'என் கணக்கு ஹெக் ஆகிவிட்டது, உதவுங்கள்' என்று மட்டும் எழுதினால் போதாது. கணக்கின் இலக்கம், எப்போது தொடங்கினான், எந்தப் போன்களில் விளையாடினான், எந்தத் திகதியில் என்ன வாங்கினான் என்று எழுதுங்கள். கூகுள் பிளே வழியாக யூசி வாங்கியிருந்தால் ஒவ்வொரு முறையும் மெயிலுக்கு ஒரு ரசீது வந்திருக்கும். அதில் 'ஜி.பி.ஏ.' என்று தொடங்கும் இலக்கம் ஒன்று இருக்கும். மெயிலில் தேடி எடுத்து அத்தனையையும் அனுப்புங்கள். கணக்கு யாருடையது என்று காட்ட அதைவிட நல்ல சாட்சி உங்களிடம் இருக்காது.

அந்த ரசீதுகளைத் தேடும்போது தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பெருநாள் காசில் எதை வாங்கினான் என்பது அவனுக்குத்தான் நினைவிருக்கும்.

இப்போது அந்த ஸ்கிரீன்ஷொட். பெரிதாக்கிப் பார்த்தேன். பக்கத்தின் மேலே நீலப் பட்டை, பேஸ்புக் எழுத்து, கீழே பெட்டி இரண்டு. பார்த்தால் ஒன்றும் தெரியாது. முகவரி வரிசையை மட்டும் பாருங்கள். முதலில் 'பேஸ்புக்' என்றே தொடங்குகிறது. பிறகு ஒரு புள்ளி. அதன்பிறகு ஈவென்ட், கிப்ட் என்ற சொற்களைக் கோடு போட்டு ஒட்டிய நீளமான ஒரு பெயர், பிறகு இன்னொரு புள்ளி. கடைசியில் டொட் கொம்கூட இல்லை. இணைய முகவரியின் சொந்தக்காரன் யார் என்று அறிய இடப்பக்கத்திலிருந்து வாசிக்கக் கூடாது. முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் இருப்பதைப் பின்பக்கமாக வாசிக்க வேண்டும். கடைசிப் புள்ளிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கும் இரண்டு துண்டுகள்தான் உரிமையாளரின் பெயர். இங்கே உரிமையாளர் அந்த நீளமான பெயர். முன்னால் இருக்கும் 'பேஸ்புக்' வெறும் அலங்காரம். இலங்கை முகவரிகளில் 'கொம் டொட் எல்கே' என்று முடிவதும் உண்டு. அங்கே மட்டும் மூன்று துண்டாகப் பாருங்கள்.

பக்கத்தில் பூட்டுப் படம் இருந்தது, அதை நம்பித்தான் போட்டேன் என்று தம்பி சொல்லக்கூடும். அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பூட்டுப் படம் வழியில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்று மட்டும்தான் சொல்கிறது. வழியின் அந்தப் பக்கம் இருப்பவன் நல்லவன் என்று சொல்லவில்லை. கள்ளனும் இலவசமாக ஒரு பூட்டு எடுத்து மாட்டிக்கொள்ளலாம். பல பிள்ளைகளுக்கு இதைத் தலைகீழாகச் சொல்லிக் கொடுத்துவிட்டோம், அது கணினிப் பாதுகாப்பில் இருக்கும் எங்கள் துறையின் பிழை.

இன்னொன்றும் அவனிடம் கேட்டுப் பாருங்கள்: முதல் தடவை சரியான பாஸ்வேர்டைப் போட்டபோது 'பிழை' என்று வந்து, இரண்டாவது தடவையும் போடச் சொன்னதா? இந்தமாதிரிப் பக்கங்களில் அது வழக்கம். முதல் தடவை பிழையாகத் தட்டியிருந்தாலும் இரண்டாவது சரியாக விழட்டும் என்று அப்படிச் செய்வார்கள். சில பக்கங்கள் ஓ.டி.பி.யையும் கேட்டு வாங்கி, அந்த நிமிடமே உண்மையான பேஸ்புக்கில் போட்டு உள்ளே போய்விடும். எஸ்.எம்.எஸ். கோட் இருந்தும் கணக்கு போய்விட்டது என்று ஆட்கள் என்னிடம் வருவது இதனால்தான்.

இங்கே எனக்கு மிகவும் பிடித்த ஒரு சின்னக் காவல் உண்டு. பாஸ்வேர்டைப் போன் அல்லது பிரவுசரிலேயே சேமித்து வைத்திருந்தால், உண்மையான பேஸ்புக் பக்கத்தில் அது தானாக வந்து நிற்கும். பொய்ப் பக்கத்தில் வராது. மனிதக் கண் நீலப் பட்டையைப் பார்த்து ஏமாறும், மெசின் முகவரியை மட்டும்தான் பார்க்கும். தம்பிக்கு இந்த ஒரு விதியைச் சொல்லிக் கொடுங்கள்: பாஸ்வேர்ட் தானாக வராத பக்கத்தில் கையால் தட்டாதே, நிறுத்திவிட்டு அக்காவைக் கூப்பிடு. 'பாஸ்கீ' என்ற வசதி இதிலும் ஒரு படி மேல். விரல் ரேகையையோ முகத்தையோ காட்டி உள்ளே போவது. உண்மையான தளத்துக்கு வெளியே அது வேலையே செய்யாது, ஆகவே பொய்ப் பக்கத்தில் கொடுக்க எதுவும் இல்லை. கூகுள் கணக்குகளுக்கு 2023 முதல் அது இருக்கிறது. உங்கள் ஜிமெயிலுக்கு முதலில் அதைப் போடுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு வருகிறேன். அவர் கேட்பது நியாயமான கேள்வி. விளையாட்டுச் சாமானை எவன் களவெடுப்பான்? ஸ்டீம் என்ற விளையாட்டுத் தளத்தை நடத்தும் வால்வ் நிறுவனம், மாதம் சுமார் 77,000 கணக்குகள் பறிக்கப்பட்டுக் காலியாக்கப்படுவதாக 2015 டிசம்பரில் தானே சொன்னது. அதற்கும் முன்னால், 2008இல், பிளிஸார்ட் நிறுவனம் தன் ஆட்டக்காரர்களுக்குத் திறப்புக் கோர்வையில் மாட்டும் சிறு கருவி ஒன்றை விற்கத் தொடங்கியது. பொத்தானை அழுத்தினால் ஒரு இலக்கம் வரும், அது இல்லாமல் உள்ளே போக முடியாது. விளையாட்டுக் கம்பனி ஒன்று அப்போதே அந்த அளவுக்கு இறங்க வேண்டியிருந்தது. காரணம் எளிது. அரிய உடைகளும் துப்பாக்கித் தோல்களும் (துப்பாக்கியின் தோற்றத்தை மாற்றும் அலங்காரங்கள்) உள்ள கணக்கைக் காசுக்கு வாங்க ஆள் இருக்கிறது. களவு போனது என்று வாங்குகிறவனுக்குத் தெரிவதுகூட இல்லை. அதோடு, உங்கள் விசயத்தில் பார்த்தீர்கள்தானே, பப்ஜியோடு உங்கள் பேஸ்புக்கும் உங்கள் சிநேகிதிகளின் நம்பிக்கையும் சேர்ந்து அவன் கைக்குப் போயிருக்கிறது. அந்த 10,000 ரூபாவை யாராவது அனுப்பினார்களா என்று எழுதவில்லை. இன்றே எல்லோருக்கும் போன் எடுத்துச் சொல்லுங்கள். மெசேஜ் போதாது, உங்கள் குரலைக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றையும் அழிப்பதைப் பற்றி: செயலியை அழித்தால் போனில் படம் மறையும். கணக்கு கள்ளனிடம் அப்படியே இருக்கும், உங்கள் பேஸ்புக்கும் அவனிடம் இருக்கும். ஓ.எல். வருடத்தில் எவ்வளவு நேரம் விளையாடலாம் என்பது அம்மா பேச வேண்டிய பேச்சுத்தான், நானும் அவர் பக்கம். ஆனால் அதை இந்த வாரம் பேச வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன். களவு போனதைச் சொன்னால் விளையாட்டைப் பறிப்பார்கள் என்று அவன் படித்துக்கொண்டால், அடுத்த முறை நான்கு நாட்கள் நாற்பது நாட்களாகும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. 2005இல் எனக்கு 17 வயது. வெள்ளவத்தையில், காலி வீதியை ஒட்டிய ஒரு நெட் கபேயில் மணித்தியாலக் காசு கொடுத்து ரூன்ஸ்கேப் விளையாடுவேன். அங்கே ஒரு கணினியில், தட்டுகிற எழுத்தையெல்லாம் பதிந்து வைக்கும் மென்பொருளை யாரோ போட்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை போனால் என் கணக்கு திறக்கவில்லை. அப்பா ஏசுவார் என்ற பயத்தில் மூன்று வாரம் வாய் திறக்கவில்லை. விளையாட்டுக்கும் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்ட் வைத்திருந்தேன். அந்த மூன்று வாரத்தில் என் மெயிலிலிருந்து கனடாவில் இருக்கும் மாமாவுக்கு ஒரு கடிதம் போயிருக்கிறது, அப்பாவுக்குச் சுகமில்லை, அவசரமாகக் காசு வேண்டும் என்று. மாமா 200 டொலர் அனுப்பிவிட்டார். அவர் அப்போது இரவு வேலை செய்துகொண்டிருந்த காலம். அப்பாவின் சுகத்தை விசாரிக்க அவர் போன் எடுத்தபோதுதான் வீட்டில் விசயம் வெளிவந்தது. அப்பா ஏசவில்லை. "முதல் நாளே சொல்லியிருந்தால் மாமாவுக்கு ஒரு கோல் எடுத்திருக்கலாமே தம்பி" என்றார். மாமா அந்தக் காசைப் பற்றி இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. நான் இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அந்த மூன்று வாரம்தான் காரணம்.

காசு கொடுக்க வேண்டாம் என்று சொன்னதற்கு வருகிறேன். பாஸ்வேர்ட் என்பது ஒரு சொல். அதைத் திருப்பித் தந்தாலும் தந்தவனிடம் அது இருக்கும். 15,000 வாங்கிக்கொண்டு அவன் உள்ளே விட்டாலும், தான் இணைத்த இரகசிய வழியை எடுக்க மாட்டான், இரண்டு மாதத்தில் திரும்பி வருவான். அதைவிட முக்கியமாக, கொடுக்கிற வீடு என்று உங்கள் இலக்கத்தைக் குறித்துக்கொள்வான்.

ஆனால் அவன் அனுப்பிய வங்கிக் கணக்கு இலக்கத்தை அழித்துவிடாதீர்கள். உங்களிடம் இருப்பதில் பெறுமதியானது அதுதான். அந்த உரையாடலை முழுவதும், திகதியும் நேரமும் தெரிய ஸ்கிரீன்ஷொட் எடுங்கள். அவனுடைய பெயரை மட்டும் எடுப்பதில் பயனில்லை, அதை ஐந்து நிமிடத்தில் மாற்றிவிடுவான். கணக்கின் முகவரியைப் பிரதிசெய்து வையுங்கள். சிநேகிதிகளுக்குப் போன மெசேஜ்களையும் அவர்களிடமிருந்து வாங்குங்கள். அவனைப் புளொக் பண்ணுவதும் திட்டுவதும் இப்போது வேண்டாம்.

பொலிஸில் எடுப்பார்களா என்று கேட்டீர்கள். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி, ஒருவருடைய கணக்குக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். அதற்கு 5 வருடம் வரை சிறை, அல்லது ஒரு இலட்சம் ரூபா வரை தண்டம், அல்லது இரண்டும். விளையாட்டுக் கணக்கு என்று அதில் விதிவிலக்கு இல்லை. உங்கள் பெயரில் ஆட்களிடம் காசு கேட்டதும், உங்களிடம் காசு கேட்டு மிரட்டுவதும் அதற்கு மேல் வேறு குற்றங்கள். பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் முறைப்பாடு கொடுக்கலாம். குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தில் கணினிக் குற்றங்களுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. வழி தெரியாவிட்டால் முதலில் 101க்கு அழையுங்கள். அது இலங்கை சேர்ட்டின் இலக்கம், இணையத்தில் இப்படி மாட்டிக்கொள்கிறவர்களுக்கு உதவவென்று 2006 முதல் இயங்கும் அரச அமைப்பு. போகும்போது 'பப்ஜி போய்விட்டது' என்று தொடங்காதீர்கள். 'என் பேஸ்புக் கணக்கைப் பிடித்து, என் பெயரில் ஆட்களிடம் காசு கேட்கிறான், வங்கி இலக்கம் இது' என்று தொடங்குங்கள். உண்மையும் அதுதான். அந்த வங்கிக் கணக்கின் சொந்தக்காரரே கள்ளன் என்று மட்டும் முடிவுகட்டிவிடாதீர்கள். இன்னொரு ஏமாந்தவருடைய கணக்காகவும் இருக்கலாம், அதைப் பொலிஸ் பார்க்கட்டும்.

கணக்கு திரும்பினால் எப்படி வைப்பது? தம்பிக்கென்று ஒரு மெயில் தொடங்கி, விளையாட்டை அதற்கு மாற்றுங்கள். உங்கள் பேஸ்புக்கை அதிலிருந்து விலக்குங்கள். அந்த மெயிலுக்கு வேறு எங்கும் போடாத பாஸ்வேர்ட் ஒன்று வேண்டும். அம்மாவின் பெயரும் 123உம் வேண்டாம், பிறந்த திகதியும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொல்லை அவனையே தெரிவுசெய்யச் சொல்லுங்கள். முருங்கை, தண்டவாளம், சீனி, குடை என்கிறமாதிரி நான்கு சொல்லை ஆங்கில எழுத்தில் தொடர்ந்து தட்டினால் நினைவிலும் நிற்கும், ஊகிப்பதும் கஷ்டம். (இந்த நான்கும் இப்போது எல்லோருக்கும் தெரியும், வேறு எடுக்கச் சொல்லுங்கள்.) இருபடிச் சரிபார்ப்பைப் போட்டதும் கூகுள் 10 மாற்றுக் கோட்களைத் தரும், ஒவ்வொன்றும் 8 இலக்கம். போன் தொலைந்தால் உள்ளே போக அவைதான் வழி. ஒரு தாளில் எழுதி, பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடு அலுமாரியில் வையுங்கள். ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் போனிலேயே வைத்தால் போனோடு சேர்ந்து அதுவும் போய்விடும்.

மீட்பு இலக்கமாக உங்கள் இலக்கத்தையே கொடுங்கள், உங்கள் பெயரில் பதிந்த சிம்மாக இருக்கட்டும். ரீலோட் போடாமல் நெடுநாள் விட்ட பழைய இலக்கம் எதையாவது எங்காவது கொடுத்திருந்தால் எடுத்துவிடுங்கள். கம்பனிகள் அப்படிப்பட்ட இலக்கத்தை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். உங்கள் கணக்கின் கோட் முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேரும்.

யூசி வாங்குவதில் ஒன்று. அதற்குப் பப்ஜிக்குள் காட்டும் ஆட்டக்காரனின் இலக்கம் மட்டும் போதும். கொமியூனிகேஷனிலோ ஒன்லைனிலோ டொப்-அப் போட்டுத் தருகிறேன் என்று யாராவது பேஸ்புக் பாஸ்வேர்ட் கேட்டால், எவ்வளவு மலிவாக இருந்தாலும் எழுந்து வந்துவிட வேண்டும். இலக்கத்தைக் கொடுப்பதால் யாரும் கணக்கைப் பறிக்க முடியாது, அதில் பயப்பட ஒன்றுமில்லை.

தம்பியின் போனை, படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறு இடத்துக்கு மாற்றிய பிறகு, முற்றாக அழித்துப் புதிதாகத் தொடங்குங்கள். முறைப்பாடு கொடுப்பதாக இருந்தால் கொடுத்த பிறகு. அந்த ரிகோயில் பைலைத் திரும்பப் போட வேண்டாம் என்று அவனுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். அப்படிப் பிடிபட்ட கணக்குகளைப் பப்ஜி 10 வருடத்துக்குத் தடைசெய்கிறது. கள்ளன் எடுத்தால் போராடித் திரும்ப வாங்கலாம், இதில் அந்த வழியும் இல்லை. அதற்காக அவனைக் குற்றவாளி மாதிரி நடத்தவும் வேண்டாம். அந்த வயதில் கூட விளையாடுகிறவர்கள் எல்லோரும் போடும்போது தான் மட்டும் போடாமல் இருப்பது லேசான காரியமில்லை.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது: அந்த டியூஷன் நண்பன். தம்பி அவனைக் கள்ளன் என்று நினைக்கிறான் போல. அனேகமாக அவனும் தம்பியைப்போலவே மாட்டியவன். யாரோ ஒருவன் அனுப்பிய லிங்க்கில் ஆறு இலக்கக் கோட்டைப் போட்டு வட்ஸ்அப்பை இழந்திருப்பான், அல்லது இலவச யூசி கிடைக்கும் என்று நம்பித் தானே அனுப்பியிருப்பான். இரண்டில் எதுவானாலும் அவன் வீட்டில் அவனும் இதை மறைத்துக்கொண்டுதான் இருப்பான், அவனுடைய இலக்கத்திலிருந்து அந்த லிங்க் இப்போதும் மற்றப் பிள்ளைகளுக்குப் போய்க்கொண்டிருக்கலாம். ஆகவே தம்பியை அவனுக்கு ஒரு கோல் எடுக்கச் சொல்லுங்கள். மெசேஜ் வேண்டாம், கோல். உங்கள் வீட்டுக்கு வரச் சொல்லி, உங்கள் போனில் இருந்தே அவனுடைய மெயிலையும் வட்ஸ்அப்பையும் மேலே சொன்ன வரிசையில் பாருங்கள். எங்காவது தடைப்பட்டால் அந்தத் திரையை ஸ்கிரீன்ஷொட் எடுத்து எனக்கு அனுப்புங்கள், நான் பார்த்துச் சொல்கிறேன்.